ரீப்ளேஸ் ஆலும் ரெண்டு பட்டுக்கடையும்

கடை முழுக்கச் சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறமா வரோம்" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொழிலில் அப்படிக் கலைத்துப் போட ஆள் வேண்டாம், ஒரு பட்டன் போதும்.

அந்தப் பட்டனுக்குப் பெயர் ரீப்ளேஸ் ஆல். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு பெயர் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அடியாக மாற்ற வேண்டும் என்றால் அதை அழுத்துவோம். அதிலும் கெட்டிக்காரர்கள் பெயரைத் தேட மாட்டார்கள், சாயலைத் தேடுவார்கள். "முதலில் இது இருக்கணும், நடுவில் ஏதாவது நம்பர் வரணும், கடைசியில் அது இருக்கணும், அப்படி எது இருந்தாலும் பிடி" என்று வெறும் குறிகளாலேயே எழுதிக் கேட்கலாம். அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். செல்லமாக ரெஜெக்ஸ். செல்லம் என்று நான்தான் சொல்கிறேன், அது என்னை ஒரு நாளும் செல்லமாக நடத்தியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் இருந்தால், வாங்க, உட்காருங்க, நாம எல்லாம் ஒரே பந்தி.

எங்கள் ஆபீஸ் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடைக்கு மாடியில் இருக்கிறது. பட்டுக்கடைகளில் பில் போட, சேலைக்குச் சீட்டு அடிக்க, தறிக்காரர்களுக்குச் செய்தி அனுப்ப சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். முதலாளி தயாளன் சார், நான், அப்சல், அவ்வளவுதான் ஆள். நான் முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறேன், அப்சல் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில். சின்னக் கடைகள் சில இருந்தாலும் எங்களுக்குச் சோறு போடுவது ஒரே ஒரு பெரிய கடைதான். அந்தக் கடை கையை விட்டுப் போனால் ஆபீசைப் பூட்டிவிட்டு மச்சானோடு சேர்ந்து சென்னையில் தொழில் பண்ணப் போவதாகத் தயாளன் சார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்சல் கட்டைப் பிரம்மச்சாரி, கூடவே போய்விடுவான். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, பையன் இரண்டாம் வகுப்பு, நான் எங்கே போக? வீட்டில்தான் உட்கார வேண்டும். கல்யாணமான புதிதில் சில வருஷம் அப்படி உட்கார்ந்து பார்த்தவள் நான். இன்னொரு தடவை என்னால் ஆகவே ஆகாது. இந்த வேலை எனக்கு உசுரு. கீழே நான் சொல்லப் போகிற ஒவ்வொரு கூத்திலும் அந்த உசுரு ஊசலாடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

ஒரே ஒரு புள்ளி

பெரிய கடைக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன் கஜேந்திரன் தறி, நூல், நெசவாளர்களைப் பார்த்துக்கொள்வார். தம்பி உமாபதி கல்லாவில் இருப்பார். கல்லாவுக்கு மேலே, கடையை ஆரம்பித்த அவர்கள் அப்பா அய்யாக்கண்ணு, போட்டோவில் மாலையோடு இருப்பார். ஒரு நாள் கஜேந்திரன் கூப்பிட்டு, கே.5 என்கிற டிசைனை ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகவும், அது வேறு யாருக்கும் கம்ப்யூட்டரில் தெரியக் கூடாது என்றும் சொன்னார். இது என்ன பெரிய வேலை என்று கே.5 என்று அப்படியே அடித்து, கிடைத்ததையெல்லாம் மறைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

ரெஜெக்ஸில் புள்ளி என்றால் புள்ளி இல்லை. அது ரயிலில் ரிசர்வ் செய்யாத பெட்டி மாதிரி, அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கே15 உட்கார்ந்தது, கே25 உட்கார்ந்தது, கே95 வரைக்கும் ஏறிக்கொண்டது. நான் தயிர் சாதத்தைப் பிசைவதற்குள் பாதிக் கடையைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால், பெண் வீட்டுக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, கஜேந்திரன் ஒரு மாம்பழக் கலர் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, சேலை என் கையில இருக்குது. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு உன் மிஷினு சத்தியம் பண்ணுதே!"

இலை எடுத்த கதை

எங்களுக்கு முன்னால் இந்த புரோகிராமை எழுதியவர் குமரேசன் என்று ஒருத்தர். எழுதிவிட்டு பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டார். போகிற போக்கில் அங்கங்கே சோதனைக்காகச் சில துண்டுகளை எழுதி, மேலே 'தற்காலிகம் ஆரம்பம்' என்றும் கீழே 'தற்காலிகம் முடிவு' என்றும் குறித்து வைத்திருந்தார். அதெல்லாம் எடுபட வேண்டிய குப்பை. 'ஆரம்பம் என்று வருவதிலிருந்து முடிவு என்று வருகிற வரைக்கும், நடுவில் என்ன இருந்தாலும் சேர்த்து எடு' என்று ரெஜெக்ஸ் எழுதினேன். அழுத்தினேன். ரொம்பச் சுத்தமாக எடுத்தது.

விஷயம் என்னவென்றால், இந்த ரெஜெக்ஸுக்குப் பேராசை. 'முடிவு' என்று முதலில் எங்கே வருகிறதோ அங்கே நிற்காது. கடைசி முடிவைப் பார்க்கிற வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். இடையில் இருந்த கல்யாண ஆர்டர் எடுக்கிற பகுதி மொத்தமும் போய்விட்டது. கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறவரிடம், "இங்கே ஒரு காலி இலை, அதோ அந்தக் கோடியில் ஒரு காலி இலை, எடுத்துடுப்பா" என்று சொன்னோம், அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழித்துக்கொண்டு போய்விட்டார் என்று வையுங்கள். அதே கதைதான். தயாளன் சார் பென் டிரைவில் பழைய காப்பி ஒன்று வைத்திருந்ததால் பிழைத்தோம். அவர் பென் டிரைவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சென்னைக்கே போயிடலாமா மேகலா?" என்றார். அப்சலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாக்கா இது, சாப்டுக்கினு இருந்தவங்க இலையையும் சேர்த்து எடுத்துட்டீங்களே! பாயசம் கூட வரலக்கா இன்னும்!"

வரதன் பிடித்த கல்யாணக் கோஷ்டி

எங்கள் மாடிப்படிக்குக் கீழே டீக்கடையில் வரதன் என்று ஒரு புரோக்கர் இருப்பார். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பட்டுச்சேலை எடுக்க வந்தவர்கள் யார் என்று பார்த்து, கடைக்குக் கூட்டிப் போவது அவர் தொழில். ஒரு நாள் "நீ மேல உட்கார்ந்துக்கினு இன்னாதான்மா பண்றே?" என்று கேட்டார். சாயலைச் சொல்லி ஆளைப் பிடிக்கிற வேலை என்று விளக்கினேன். "அட, அது நம்ம வேலைமா!" என்று குஷியாகிவிட்டார். "நாலு பொம்பளைங்க முன்னாடி, ஒரே ஒரு ஆம்பளை பின்னாடி பையைத் தூக்கிக்கினு. பொம்பளைங்க கண்ணு கோபுரத்து மேல இருக்காது, போர்டு மேல இருக்கும். கூட ஒரு பொண்ணு செல்லையே பார்த்துக்கினு வரும். அதான் கல்யாணப் பொண்ணு. கண்ணை மூடிக்கினு கூட்டிப் போலாம்."

பேசி வாய் மூடவில்லை, எதிரே அச்சு அசலாக அப்படியே ஒரு கோஷ்டி. வரதன் பாய்ந்து போய்ப் பிடித்து, பெரிய கடையில் கொண்டு போய் உட்கார வைத்தார். மத்தியானம் வரை சேலை பிரித்தார்கள், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார்கள், காபி குடித்தார்கள். கடைசியில் பார்த்தால் அவர்கள் ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கிறவர்கள். இங்கே என்ன புது டிசைன் ஓடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள். போகும்போது மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு விசிட்டிங் கார்டு வேறு கொடுத்தார்களாம். வரதன் சொன்ன சாயலில் ஒரு குறையும் இல்லை, பிடித்ததுதான் வேறு ஆள். என் ரெஜெக்ஸுக்கும் வாழ்க்கை முழுக்க இதே வியாதி. அன்றைக்குக் கஜேந்திரன் வரதனைத் திட்டக்கூட இல்லை.

"வரதா, நீ சொன்ன அடையாளம் எல்லாம் இருந்துதுப்பா. வாங்குற எண்ணம் ஒண்ணுதான் இல்ல."

வாராவாரம் அமாவாசை

காஞ்சிபுரம் தறிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அமாவாசைக்குத்தான் லீவு. அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். பெங்களூர் போன குமரேசன் இது தெரிந்தும் தெரியாமலும் ஞாயிற்றுக்கிழமை என்றே எழுதி வைத்திருந்தார். 'நாளை ஞாயிறு, தறி விடுமுறை' என்று வாராவாரம் நெசவாளர்கள் போனுக்குச் செய்தி போகும், அவர்களும் அதைச் சட்டை பண்ணாமல் நெய்வார்கள். கஜேந்திரன் இதைச் சரி பண்ணச் சொன்னார். ஞாயிறு என்று தமிழில் இருந்தாலும், இங்கிலீஷில் இருந்தாலும், சுருக்கமாக இருந்தாலும் ஒன்றையும் விடாமல் பிடிக்கிற மாதிரி ஒரு ரெஜெக்ஸ் எழுதினேன். அழகான ரெஜெக்ஸ், இன்றைக்கும் சொல்வேன். எல்லாவற்றையும் அமாவாசை என்று மாற்றினேன்.

வாரத்தின் ஏழு நாள் பெயரும் அதே புரோகிராமில் வேறொரு மூலையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கு அடுத்து அமாவாசை, அமாவாசைக்கு அடுத்து திங்கள் என்று கம்ப்யூட்டர் புதுப் பஞ்சாங்கம் எழுதிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி எல்லோருக்கும் 'நாளை அமாவாசை' என்று செய்தி போயிற்று. போயும் போயும் அந்த ஞாயிறு பார்த்துத்தானா பௌர்ணமி வர வேண்டும்? கடைக்காரர் அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும் என்று அய்யம்பேட்டையில் சில வீடுகளில் தறியை நிறுத்திவிட்டார்கள். நரசம்மா என்று ஒரு நெசவாளி அம்மா, தலைக்குக் குளித்து, வெங்காயம் இல்லாமல் சமைத்து, காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு, சாயங்காலம் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்திருக்கிறார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். போனில் தெலுங்கில் ஆரம்பித்து, எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு வந்தார்.

"ஏமம்மா இதி? மேல தாம்பாளம் மாதிரி நிலா காயுது, உன் மெசேஜில அமாவாசைன்னு வருது. நாங்க சந்திரனை நம்புறதா, சாஃப்ட்வேரை நம்புறதா?"

வீட்டில் ஒரு விசாரணை

அந்த வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரர் முதல் முறையாக என் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்டார். பாவம், கேட்கிறாரே என்று, "ஒண்ணு எங்க இருக்குதுன்னு தேடுவேன், தேடி எடுத்து வேறொண்ணா மாத்தி வைப்பேன், அப்புறம் பழசைக் காணோம்னு அலைவேன்" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"இதுக்கு ஆபீஸ் வேற போகணுமா? நம்ம வீட்டு பீரோவுல அதைத்தானே பண்ணிக்கினு இருக்கே!"

நடுவில் ஒரு சுவர்

அப்புறம்தான் பெரிய இடி விழுந்தது. கஜேந்திரனும் உமாபதியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். காரணம் யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைக்கு நடுவே சுவர் எழும்பியது, கிழக்குப் பக்கம் அண்ணன், மேற்குப் பக்கம் தம்பி. பேச்சுவார்த்தை அறவே நின்றது. ஒருத்தருக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே, "அவர்கிட்ட சொல்லும்மா", "அவனை கேளும்மா" என்பார்கள். அந்த ஆளாக அடிக்கடி மாட்டுவது நான்தான்.

எங்கள் சாஃப்ட்வேரையும் ஆடி மாதத்துக்குள் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுவார்கள். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. அன்றைக்கு இரண்டு கடையிலும் பில் ஒழுங்காக வரவில்லை என்றால், இரண்டு பேருமே வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். தயாளன் சார் எங்களைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஆவணி நல்லபடியா போச்சுன்னா காஞ்சிபுரம். இல்லைன்னா சென்னை. மேகலா, நீ ரீப்ளேஸ் ஆல் அழுத்தும்போது நான் உன் பின்னாடி நிப்பேன்."

இடம் மாறினார்கள்

பிரிக்கிற வேலையை ஒழுங்காக முடித்தேன். முடித்த மறுநாள் ஒரு வாஸ்து ஆசாமி வந்து, அண்ணன் ராசிக்கு மேற்கு வாசல்தான் தூக்கும் என்று சொல்லிவிட்டார். பெரியவர்களை வைத்துப் பேசி, அண்ணன் மேற்கே, தம்பி கிழக்கே என்று மாறிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆள் மட்டும் மாறுவார்கள். ஆக, புரோகிராமில் கஜேந்திரன் என்று இருக்கும் இடமெல்லாம் உமாபதி ஆக வேண்டும், உமாபதி என்று இருக்கும் இடமெல்லாம் கஜேந்திரன் ஆக வேண்டும். தயாளன் சார் பின்னால் நிற்க, முதலில் எல்லா கஜேந்திரனையும் உமாபதி ஆக்கினேன். அப்புறம் எல்லா உமாபதியையும் கஜேந்திரன் ஆக்கினேன். சார் "பேஷ்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

படிக்கிறவர்களில் என் பந்திக்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முதல் தடவை அழுத்தியதும் எல்லோருமே உமாபதி ஆகிவிட்டார்கள், புதிய உமாபதி யார், பழைய உமாபதி யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தடவை அழுத்தியதும் எல்லோருமே கஜேந்திரன். சோதனைக்குப் போன அன்று கிழக்கிலும் கஜேந்திரன் பெயரில் பில், மேற்கிலும் கஜேந்திரன் பெயரில் பில், பாத்ரூம் சாவிச் சீட்டில்கூட கஜேந்திரன். உமாபதி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"மாசக்கணக்குல பஞ்சாயத்து வெச்சு பாதிக் கடை வாங்கினேன். நீ ஒரே அழுத்துல எல்லாத்தையும் எங்க அண்ணனுக்கே எழுதிக் குடுத்துட்டியேமா!"

மூன்றாவது பெயர்

பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த காப்பியை ஏற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். எதிரெதிர் வீட்டில் குடியிருப்பவர்கள் வீடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், ஒருத்தர் சாமான் கொஞ்ச நேரம் தெருவில் நின்றுதான் ஆக வேண்டும். அதே மாதிரி, நடுவில் மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும். கஜேந்திரனை அந்த மூன்றாம் பெயராக மாற்றி, உமாபதியைக் கஜேந்திரன் ஆக்கி, அப்புறம் மூன்றாம் பெயரை உமாபதி ஆக்க வேண்டும். அந்தப் பெயர் புரோகிராமில் வேறெங்கும் இருக்கவே கூடாது. நான் அப்போது உமாபதி கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பெயர் வைக்கலாம் என்று நிமிர்ந்தேன், போட்டோவில் அய்யாக்கண்ணு. தேடிப் பார்த்தேன், புரோகிராமில் அவர் பெயர் எங்குமே இல்லை. அவர் கட்டின கடையில் அவர் பெயர் இல்லாதது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது, ஆனால் என் வேலைக்கு அதுதான் வசதி. அவரையே நடுவில் வைத்து, மூன்று தடவையாக மாற்றி முடித்தேன். பெரியவர் நாலு நிமிஷம் இரண்டு கடைக்கும் நடுவில் நின்றுவிட்டுப் போனார். அப்சலுக்குத்தான் ஏமாற்றம்.

"என் பேரைப் போட்டிருக்கலாம்ல அக்கா! நாலு நிமிசமாச்சும் பட்டுக்கடை ஓனரா இருந்துட்டுப் போயிருப்பேனே!"

பல்லி

ஆவணிக்கு முந்தின வாரம் கஜேந்திரன் எங்கள் மாடிக்கு வந்தார். அவர் கடைப் பங்கு சரியாக இருக்கிறதா என்று தன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம். என் ஸ்கிரீனில் அப்போது ஒரு ரெஜெக்ஸ் இருந்தது. சாய்கோடு, அடைப்புக்குறி, நட்சத்திரம், டாலர், தொப்பிக் குறி, மறுபடியும் சாய்கோடு. எழுத்து என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சார், இது தப்பு இல்லை, இதுதான் எங்கள் மொழி என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் தயாளன் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. மறுநாள் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் செலவில், நான் கோயிலுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

"கீபோர்டு மேல பல்லி விழுந்துருக்குது தயாளன். அந்தப் பொண்ணை அனுப்பி, தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வரச் சொல்லு, தோஷம் போயிடும். முகூர்த்த நேரத்துல நமக்கு எதுக்கு வம்பு?"

போணி

ஆவணி முதல் முகூர்த்தத்தின் முதல் வியாபாரம் அந்தக் கடையில் சாமி சமாச்சாரம். அதற்குத் தனி பில் உண்டு. மேலே பிள்ளையார் சுழி இருக்கும், நம்பர் ஒன்று என்று போடாமல் 'லாபம்' என்று போடும். அந்த போணி பில்லை கேன்சல் பண்ணவே கூடாது, பண்ணினால் வருஷம் பூரா விளங்காது என்பார்கள். சும்மா அடித்துப் பார்க்கவும் கூடாது. நாங்கள் சோதனை பண்ணக் கேட்டபோது உமாபதி, "போணியை யாராவது விளையாட்டுக்குப் பண்ணுவாங்களா?" என்று விரட்டிவிட்டார். ஆக மொத்தப் புரோகிராமிலும் யாருமே சோதித்துப் பார்க்காத ஒரே இடம் அதுதான். அது தனி ஃபோல்டரில் இருந்தது. மூன்று தடவை மாற்றினேன் என்றேனே, முதல் இரண்டு தடவையும் அந்த ஃபோல்டருக்கு டிக் போட்டேன். மூன்றாவது தடவை, பின்னால் நின்ற தயாளன் சார் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை வாங்கியதில், விட்டுவிட்டேன்.

முகூர்த்த நாள் காலையில் உமாபதி கடையிலிருந்து போன். "பில்லுல பேரு மாறி வந்துருக்குது, உடனே வாங்க." தயாளன் சார் முகம் சுண்டிப் போயிற்று. நான் படியிறங்கும்போதே சென்னை பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்துவிட்டேன், மனதுக்குள். போய்ப் பார்த்தால், தென்னேரியிலிருந்து பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உமாபதி கையில் பில். பிள்ளையார் சுழி, லாபம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அய்யாக்கண்ணு. மற்ற விவரம் எல்லாம் சரி, கடைக்காரர் பெயர் மட்டும் அப்பா. பெண்ணின் தகப்பனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா தப்பு? எங்க ஊர்ல இன்னமும் அய்யாக்கண்ணு கடைன்னுதானே சொல்றோம்" என்றார். உமாபதியின் கண் கலங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கடைப் பையனிடம் கத்தினார்.

அதற்குள் யாரோ அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சுவர் எழும்பியதிலிருந்து இந்த வாசலை மிதிக்காத கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பில்லை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். தம்பியைப் பார்க்காமல் என்னைக் கேட்டார், "அவன் கடையில மட்டும் அப்பா பேரு வருது, என் கடையில ஏம்மா வரல?" தப்பு நடந்துவிட்டது, இப்போதே சரி பண்ணிவிடுகிறேன் என்று உளறினேன். "கைய வெச்சுப் பாரு, சொல்றேன்!" என்று உமாபதி சீறினார். "சரி பண்ணாத. எனக்கும் அதே மாதிரி தப்பு பண்ணிக் குடு" என்றார் கஜேந்திரன். "அப்பா பேரு வருசா வருசம் வரணும்னு அவர்கிட்ட சொல்லுமா", "அவனுக்கு வர்ற அன்னிக்கே எனக்கும் வரணும்மா" என்று இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துப் பேசி முடித்தார்கள். நான் இப்படித் திரும்பி அப்படித் திரும்பிக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. அப்புறம் உமாபதி சுவரைப் பார்த்துக்கொண்டே, "காபி குடிக்கிறியாண்ணா?" என்றார். "சர்க்கரை கம்மியா" என்றார் கஜேந்திரன். அதற்கு என்னை யாரும் கேட்கவில்லை.

சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் ஒரே கடையாக இருந்த எங்கள் வாடிக்கை இப்போது இரண்டு கடை, இரண்டு பேருமே எங்களை விடுவதாக இல்லை, ஒருத்தர் விட்டால் அப்பா மற்றவர் பக்கம் போய்விடுவாரே! தயாளன் சார் அன்றைக்கு வாசலில் நின்று சென்னை, மச்சான் என்று பழக்க தோஷத்தில் எதையோ ஆரம்பித்தார். காபி டம்ளரோடு வெளியே வந்த கஜேந்திரன் அவரைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"சென்னை கின்னைன்னு இந்தப் பொண்ணை எங்கயும் விட்டுடாத தயாளன். நல்லா வேலை தெரிஞ்சவங்க யாராவது வந்து இதைச் சரி பண்ணித் தொலைச்சிடப் போறாங்க!"

மாற்றத் தெரியும் என்பதற்காக இத்தனை நாள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், இப்போது ஒரு பெயரை மாற்ற மறந்ததற்காக நிம்மதியாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.